கேட்டீர்கள், சொல்கிறோம்: கட்டைகளால் பாய்மரக் கப்பல்

லெகோ பொம்மைக் கட்டைகளால் கப்பல் கட்டுவது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதி, "எந்த செட் வாங்கலாம்?" என்ற ரகம். அதற்குக் கடைக்காரரே பதில் சொல்லிவிடுவார். சொந்தமாக வடிவமைப்பவர்களின் கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

பிரிட்டனின் பழைய பாய்மரப் போர்க்கப்பலான விக்டரியைப் பொம்மை மனிதர்கள் நிற்கும் அளவில் கட்ட ஆசை. எவ்வளவு பெரிதாக வரும்? (ஈசூன் வாசகர்)

பொம்மை மனிதரின் உயரம் ஏறக்குறைய 4 செ.மீ. அதற்குப் பலரும் எடுப்பது 1:48 அளவு. கட்டையின் மேலுள்ள இரு குமிழ்களுக்கு இடையே 8 மி.மீ. என்பதால், இந்த அளவில் ஒரு குமிழ் நிஜக் கப்பலில் 38.4 செ.மீ. ஆகிறது. விக்டரியின் பீரங்கித் தளம் 56.7 மீட்டர் நீளம், கப்பலின் அகலம் 15.8 மீட்டர். அதாவது 148 குமிழ் நீளம், 41 குமிழ் அகலம். நடுப் பாய்மரம் நீர்மட்டத்திலிருந்து 62.5 மீட்டர், உங்கள் மாதிரியில் 1.3 மீட்டர். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வரவேற்பறையில் கப்பல் இருக்கும், தொலைக்காட்சி இருக்காது.

முதல் கப்பலுக்கு நாங்கள் சொல்வது 'ஜுவல் ஆஃப் மஸ்கட்'. ஒன்பதாம் நூற்றாண்டு அரபுக் கப்பலின் மறு உருவாக்கம். ஓமானில் கட்டி, ஆணியே அடிக்காமல் தேங்காய் நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து, 2010 ஜூலையில் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. நீளம் 18 மீட்டர், அகலம் 6.5 மீட்டர். 1:48 அளவில் 47 குமிழ் நீளம், 17 குமிழ் அகலம். புத்தக அலமாரியின் ஒரு தட்டில் நிற்கும். பாய்மரமும் இரண்டுதான்.

கவனம்: 17, 41 இரண்டும் ஒற்றைப்படை. நடுக்கோடு ஒரு குமிழின் மேல் விழும். பாய்மரத்துக்கு 2×2 உருளைக் கட்டை வைத்தால் அது அரைக் குமிழ் ஒதுங்கி நிற்கும். நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள 1×2 தட்டை, அதாவது மெல்லிய கட்டையை (பாக எண் 15573), அடியில் போட்டு அந்த அரைக் குமிழைச் சரிசெய்யுங்கள். இதைத் தளம் மூடுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

கப்பலின் அணியம் (முன்பகுதி) படிக்கட்டு மாதிரி இருக்கிறது. சாய்வுக் கட்டைகள் எத்தனை போட்டும் வளைவு வரவில்லை. (தெம்பனிஸ் வாசகி)

வராது. குமிழ் மேல்நோக்கியே அடுக்கினால் ஒவ்வொரு வரியும் 9.6 மி.மீ. படிதான். பக்கச் சுவரைத் தனியாகக் கட்டி, குமிழ் வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி மாட்ட வேண்டும்.

முதலில் ஏரா, அதாவது கப்பலின் அடிமரம். பக்கவாட்டில் துளையுள்ள 'டெக்னிக்' வகைக் கட்டைகளை இரண்டு வரியாக அடுக்குங்கள். மேல்வரி இணைப்பும் கீழ்வரி இணைப்பும் குறைந்தது 4 குமிழாவது தள்ளியிருக்க வேண்டும். ஒரே இடத்தில் வந்தால், தூக்கும்போது அங்கேதான் முறியும். ஏராவின்மேல் 8 குமிழுக்கு ஒரு விலா எலும்பு. விலாவின் வெளிமுகத்தில் பக்கக் குமிழ் உள்ள கட்டை (30414) வைத்தால் சுவர்ப் பலகை அதில் உட்காரும்.

பலகையை 6 குமிழ் உயரமாகக் கட்டிக்கொள்ளுங்கள். காரணம் கணக்கு: 6 குமிழ் 48 மி.மீ., 5 கட்டை உயரமும் 48 மி.மீ. இந்த உயரத்தில் சுவரும் தளமும் ஒரே மட்டத்தில் சந்திக்கும். வேறு உயரம் எடுத்தால் தளத்தின் ஓரத்தில் ஒரு கீற்று இடைவெளி நிற்கும், அப்புறம் அதை மூடுவதே வேலையாகிவிடும்.

கப்பலின் நடுப்பாதி ஏறக்குறைய நேர்தான், அங்கே பலகையை இறுக்கி மாட்டலாம். முன் கால்வாசிப் பகுதியில் பலகையின் பின்விளிம்பை மட்டும் கிளிப்பில் தொங்கவிட்டு, முன்விளிம்பை அணியத்தின் நடுத்தூணில் சாய்த்துவிடுங்கள். கோணத்தைக் கணக்குப் போட வேண்டாம், அதுவே அமையும். பலகைகள் கூடும் இடத்தில் முக்கோண இடைவெளி வரும். அதற்கு 41769, 41770 என்ற இறக்கைத் தட்டுகள். முன்னது வலது, பின்னது இடது. ஒன்றை மட்டும் இருபது வாங்கிவிட்டுத் தவிப்பவர்கள் உண்டு. அப்படியும் மிஞ்சும் மெல்லிய கீற்றுக்குப் பின்னால் கறுப்புத் தட்டு வையுங்கள், கண்ணுக்குத் தெரியாது.

இன்னொன்று. தளம் பலகை போலத் தட்டையாக இருந்தால் எவ்வளவு அலங்காரம் செய்தாலும் அது பெட்டிதான். நடுவிலிருந்து முன்னும் பின்னும் 8 குமிழுக்கு ஒரு தட்டு (3.2 மி.மீ.) வீதம் உயர்த்துங்கள். செதுக்கலும் பீரங்கியும் அதற்கப்புறம்.

கயிறு கட்டியதும் பாய்மரம் பின்னால் சாய்கிறது. ஒரு வாரத்தில் கயிறும் தொய்கிறது. (உட்லண்ட்ஸ் வாசகர்)

பாய்மரம் தளத்தோடு நின்றுவிட்டது என்று ஊகிக்கிறோம். அது தளத்தைத் துளைத்துப் போய் ஏராவில் ஊன்ற வேண்டும். 2×2 உருளைக் கட்டைகளின் நடுவே டெக்னிக் அச்சைச் செருகுங்கள். நீளமான அச்சு 32 குமிழ், அதற்கு மேல் உயரம் வேண்டுமானால் இணைப்பான் போட்டு நீட்டலாம். இணைப்பு தளத்தின் மட்டத்தில் வரக் கூடாது.

கட்டும் வரிசையும் முக்கியம். பக்கக் கயிறுகள் முதலில்: இடதில் ஒன்று, வலதில் ஒன்று என்று மாற்றி மாற்றி. ஒருபக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் மரம் முறுக்கிக்கொள்ளும். பிறகு முன்னிழுக்கும் கயிறு, கடைசியில் பின்னிழுப்பு. மாலுமி ஏறும் ஏணிக் கயிறுகள் நிஜத்தில் ஏறக்குறைய 38 செ.மீ. இடைவெளியில் இருக்கும். 1:48-இல் சரியாக ஒரு குமிழ்! பேனாவால் குறிக்கத் தேவையில்லை, ஒரு நீளத் தட்டைப் பின்னால் பிடித்துக் குமிழைப் பார்த்தே கட்டலாம்.

தொய்வுக்குக் காரணம் பருத்தி நூல். ஈரத்தில் இறுகும், உலர்ந்தால் தளரும். இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடி, பகலில் சன்னல் திறந்திருக்கும் அறையில் தினமும் இதுதான் நடக்கிறது. பாலியஸ்டர் நூலுக்கு மாறுங்கள். கட்டுமுன் தேன்மெழுகில் ஒருதரம் இழுத்தால் பிசிறு படியும், தூசியும் அவ்வளவாக ஒட்டாது.

பழைய பழுப்புக் கட்டைகள் கையிலேயே உடைகின்றன. (புக்கிட் பாத்தோக்)

பழைய செம்பழுப்பு, கரும்பழுப்பு, கருஞ்சிவப்புத் துண்டுகளுக்கு அந்தப் பேர் உண்டு. கப்பலுக்கு மரநிறம்தானே அதிகம் வேண்டும்! அவற்றைத் தளத்தின் உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள். கிளிப், கீல் போன்ற இழுவை தாங்கும் இடங்களுக்குப் புதிதாக வாங்குங்கள்.

துணிப்பாய் போட்டால் ஏமாற்று வேலையா? (சிராங்கூன் வாசகி)

இல்லை. தட்டுகளால் கட்டிய பாய், பாரத்தால் பருமலையே (பாய் தொங்கும் குறுக்குமரத்தையே) வளைத்துவிடும். மெல்லிய பருத்தித் துணி, பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை, கவிழ்த்த கிண்ணத்தின்மேல் பிளாஸ்டிக் தாள். துணியை நனைத்து அதன்மேல் விரித்து, ஓர் இரவு காயவிட்டால் காற்று நிறைந்த தொப்பை கிடைக்கும். இழை தடிமனான துணி இந்த அளவில் சாக்குப்பை போலத் தெரியும்.

பாயை முன்னோக்கிப் புடைக்க வைத்துவிட்டுக் கொடியைப் பின்னோக்கிப் பறக்கவிடாதீர்கள். காற்று பின்னாலிருந்து வந்தால் கொடியும் முன்னோக்கித்தான் பறக்கும்.