ஜெர்மன் டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கண்ணிவெடியால் டாங்கியை நிறுத்தும் யோசனை ஜெர்மானியருக்கு எப்போது வந்தது?

பதில்: டாங்கி வந்த கையோடு வந்துவிட்டது. முதல் உலகப் போரில், 1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சின் சோம் போர்முனையில் பிரிட்டன் முதன்முதலாக டாங்கிகளை இறக்கியது. அதற்கென்று தனி ஆயுதம் எதுவும் ஜெர்மானியரிடம் அப்போது இல்லை. பீரங்கிக் குண்டுகளையே மண்ணில் புதைத்தார்கள், அப்புறம் மரப்பெட்டியில் வெடிமருந்தை அடைத்துப் புதைத்தார்கள். டெல்லர்மைன் என்ற முறையான, தட்டு வடிவ டாங்கி எதிர்ப்பு வெடி 1929-இல் உருவானது. 35, 42, 43 என்று ஆண்டு எண்களோடு அடுத்தடுத்த வகைகள் வந்தன.

கேள்வி: ஆள் மிதித்தால் அது வெடிக்குமா அண்ணா?

பதில்: புதிதாக இருந்தபோது பொதுவாக வெடிக்காது தம்பி. டெல்லர்மைன் 42 சுமார் 32 சென்டிமீட்டர் அகலம், 9 கிலோ எடை. அதற்குள் ஐந்தரைக் கிலோ வெடிமருந்து. 100 கிலோவுக்கு மேல் அழுத்தம் விழுந்தால்தான் வேலை செய்யும். ஆனால் எண்பது வருடம் மண்ணில் கிடந்ததை இந்தக் கணக்கில் நம்பவே கூடாது. நீளப் பட்டையாகச் செய்த ரீகல்மைன் 43-க்குள் இருக்கும் மெல்லிய கம்பிகள் துருப்பிடித்துவிட்டால், லேசாக அசைத்தாலே வெடிக்கும்.

கேள்வி: ஐந்தரைக் கிலோ மருந்து ஒரு டாங்கியை அழித்துவிடுமா?

பதில்: பெரும்பாலும் அழிக்காது, அழிக்கவும் வேண்டியதில்லை. சங்கிலிப் பட்டை அறுந்தால் போதும், டாங்கி நின்ற இடத்திலேயே நிற்கும். தூரத்தில் மறைந்திருக்கும் 88 மில்லிமீட்டர் பீரங்கிக்கு அது அசையாத இலக்கு. என்னைக் கேட்டால், கண்ணிவெடி பாதி ஆயுதம்தான். அதைக் கண்காணிக்கும் பீரங்கி மறுபாதி. காவல் இல்லாத வெடிகளை ஒரே இரவில் பொறுமையாகத் தோண்டி எடுத்துவிடலாம்.

கேள்வி: எகிப்தில் நடந்த எல் அலமெய்ன் போரில் ஜெர்மன் தளபதி ரொம்மல் போட்ட ‘சாத்தானின் தோட்டங்கள்’ என்ற கண்ணிவெடி வயல்கள் பற்றிச் சொல்லுங்கள் சார்.

பதில்: நீங்கள் கேட்டது மேலே சொன்னதற்குச் சரியான உதாரணம். வடக்கே கடல், தெற்கே கட்டாரா பள்ளம். சுற்றி வளைக்க வழியே கிடையாது. 1942 இலையுதிர் காலத்தில் ரொம்மலிடம் ஓடியாடிச் சண்டை போடப் பெட்ரோல் இல்லை. அதனால் சுமார் நாலரை லட்சம் கண்ணிவெடிகளைப் புதைக்க வைத்தார். அவற்றில் நிறைய, பிரிட்டிஷாரிடமிருந்தே கைப்பற்றியவை. ஆட்களைக் குறிவைக்கும் வெடிகள் நூற்றுக்கு மூன்று அளவில்தான் இருந்தன.

அக்டோபர் 23 இரவு பீரங்கி முழக்கத்துக்கு நடுவே பிரிட்டிஷ் சாப்பர்கள், அதாவது வெடிகளை அகற்றும் படைப் பொறியாளர்கள், இறங்கினார்கள். போலந்துப் பொறியாளர் யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த, மண்ணுக்குள் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் மைன் டிடெக்டர்கள் 500 அங்கே போயிருந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 14 கிலோ. அவர் அதற்குக் காப்புரிமை வாங்காமல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அப்படியே கொடுத்துவிட்டார். அந்த மனிதரை இன்னும் நிறையப் பேர் அறிய வேண்டும். டிடெக்டர் கிடைக்காதவர்கள் மண்டியிட்டு, துப்பாக்கி முனைக் கத்தியைச் சாய்வாகச் செருகி மணலைத் துழாவினார்கள். சுத்தமான பாதையின் இருபுறமும் வெள்ளை நாடா கட்டி, தகர டின்னில் ஓட்டை போட்ட விளக்குகளை வைத்தார்கள். அப்படியும் விடிவதற்குள் பாதைகள் முழுமையாகத் திறக்கவில்லை. குறுகிய பாதைகளில் டாங்கிகள் புழுதிக்குள் வரிசையாகத் தேங்கி நின்றன, எதிரிப் பீரங்கிகள் அவற்றைக் குறிவைத்தன.

கேள்வி: டிடெக்டர் வந்த பிறகு ஜெர்மானியர் என்ன செய்தார்கள்?

பதில்: உலோகத்தைக் குறைத்தார்கள். ஹோல்ட்ஸ்மைன் 42 மரப்பெட்டி. பின்னால் வந்த டோப்ஃப்மைனின் உடல் அட்டைக்கூழால் ஆனது, வெடிமூட்டியின் பாகங்கள்கூடக் கண்ணாடி.

கேள்வி: நம் ஆட்கள் யாராவது இந்த வெடிகளை எடுக்கும் வேலையில் இருந்தார்களா?

பதில்: இருந்தார்கள். மதராஸ் சாப்பர்ஸ் படையைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் பெயரைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ அருகே வெடிகளை அகற்றும் பணியில் இருந்தார். ஆட்களைக் கொல்லும் வெடி ஒன்று இயங்கிவிட்டது; அது வெடிக்க இரண்டொரு நொடிதான் இருந்தது. கூட இருந்தவர்களைக் காப்பாற்ற அதன் மேல் பாய்ந்து படுத்து உயிரை விட்டார். மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது கிடைத்தது. டாங்கி வெடிகளோடு இந்தச் சிறிய வெடிகளையும் கலந்து புதைத்தது சாப்பர்களை நெருங்க விடாமல் தடுக்கத்தான்.

கேள்வி: போர் முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களா?

பதில்: இல்லை. டென்மார்க்கின் மேற்குக் கடற்கரையில் 1945-இல் ஜெர்மன் போர்க்கைதிகளையே இறக்கிச் சுமார் 14 லட்சம் வெடிகளை எடுக்க வைத்தார்கள்; அதில் பலர் செத்தார்கள், பலர் கைகால் இழந்தார்கள். அப்படியும் அங்கே ஸ்காலிங்கன் தீபகற்பத்தைச் சுத்தமான நிலம் என்று அறிவிக்க 2012 ஆகிவிட்டது. எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் இன்னமும் கிடக்கின்றன. அங்கே ஆடு மேய்க்கும் பெதூயின் மக்கள்தான் பல தலைமுறைகளாக அதற்கு விலை கொடுத்து வருகிறார்கள்.