எட்டு வாரக் கெடு கடந்தும் வராத நியமன ஒப்புதல்: அவமதிப்பு மனு எப்போது கைகொடுக்கும்?

கேள்வி: திருநெல்வேலி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஓய்வுபெற்ற ஆசிரியரின் இடத்தில் 2022 ஜூன் மாதம் பட்டதாரி ஆசிரியராக நியமிக்கப்பட்டேன். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். பள்ளி அனுப்பிய நியமன ஒப்புதல் கருத்துருவை மாவட்டக் கல்வி அலுவலர் இருமுறை திருப்பி அனுப்பினார். பின்னர், உபரி ஆசிரியர்கள் இருப்பதாகக் கூறி நிராகரித்துவிட்டார். நான் தொடர்ந்த ரிட் மனுவில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஏப்ரலில் அந்த நிராகரிப்பை ரத்து செய்து, ஆணை நகல் கிடைத்த நாளிலிருந்து எட்டு வாரங்களுக்குள், நியமன நாள் முதல் ஒப்புதல் வழங்கும்படி நான்காம் எதிர்மனுதாரரான மாவட்டக் கல்வி அலுவலருக்கு உத்தரவிட்டது. ஜூன் 10 அன்று நகலை நேரில் கொடுத்து முத்திரையுடன் ஒப்புகை பெற்றேன். கெடு முடிந்து ஏழு மாதங்கள் ஆகிவிட்டன. கேட்டால், இயக்குநரகத்திடம் தெளிவுரை கேட்டிருப்பதாகவும் மேல்முறையீடு செய்யப்போவதாகவும் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். இதற்கிடையே அந்த அலுவலரும் மாறுதலில் சென்றுவிட்டார். அவமதிப்பு மனு போட்டால் ஒப்புதலும் சம்பள நிலுவையும் கிடைக்குமா? அதே பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை ஒருவருக்கும் ஆணை கிடைத்திருக்கிறது; ஆனால் அதில் கருத்துருவைப் பரிசீலித்து உரிய ஆணை பிறப்பிக்குமாறு மட்டுமே உள்ளது. அவரும் என்னோடு சேர்ந்து மனு போடலாமா? எங்கள் பள்ளிச் செயலர் துறையைப் பகைத்துக்கொள்ளத் தயங்குகிறார்.

பதில்: உங்கள் ஆணையை வைத்து அவமதிப்பு மனு தாக்கல் செய்யலாம், செய்யவும் வேண்டும். சக ஆசிரியையின் நிலை முற்றிலும் வேறு. சம்பள நிலுவை அவமதிப்பு மனுவில் நேரடியாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் காலவரம்பைப் பார்த்துவிடுவோம், ஏனெனில் நல்ல வழக்குகள் பல அதில்தான் வீணாகின்றன. 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி, அவமதிப்பு நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஓராண்டு கடந்த பிறகு நடவடிக்கை தொடங்க முடியாது; அந்த ஓராண்டுக்குள் மனு தாக்கலாகிவிட்டால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. நீங்கள் நகலைக் கொடுத்தது 2025 ஜூன் 10 என்பதால் எட்டு வாரம் ஆகஸ்ட் 5 அன்று முடிகிறது. ஆகவே 2026 ஆகஸ்ட் 5-ஐ உங்கள் கடைசி நாளாக வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதல் தராத ஒவ்வொரு நாளும் புதிய அவமதிப்புதானே என்ற வாதத்தை வழக்கறிஞர்கள் எழுப்புவதுண்டு. கெடு குறித்த ஆணைகளில் நீதிமன்றங்கள் அதை எளிதில் ஏற்பதில்லை. நீங்கள் அனுப்பும் நினைவூட்டல் கடிதங்களும் காலவரம்பை ஒரு நாள்கூட நீட்டிக்காது. மே மாதம் கோடை விடுமுறையில் கழிந்துவிடும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு ஏப்ரலுக்குள் தாக்கல் செய்துவிடுவது நல்லது.

இனி ஆணையின் வாசகம். அவமதிப்பு வழக்கில் நீதிமன்றம் உங்கள் நியாயத்தை மறுபடியும் எடைபோடாது. ஆணையின் இறுதிப் பத்தியில் யாருக்கு, எதை, எப்போதைக்குள் செய்யச் சொல்லியிருக்கிறது, அது செய்யப்பட்டதா என்பதை மட்டுமே பார்க்கும். உங்கள் ஆணையில் மூன்றுக்கும் விடை இருக்கிறது. உபரி ஆசிரியர் என்ற காரணத்தை நீதிமன்றம் ஏற்கெனவே தள்ளிவிட்டு ஒப்புதல் வழங்கும்படி நேரடியாக உத்தரவிட்டிருப்பதால், அலுவலருக்கு அதில் விருப்புரிமை எதுவும் மிச்சமில்லை. நாளை அதே காரணத்தைக் கூறி மறுபடியும் ஒரு நிராகரிப்பு ஆணையை அவர் பிறப்பித்தால், அந்த ஆணையே அவமதிப்புக்குச் சான்றாகிவிடும்.

உங்கள் சக ஆசிரியையின் ஆணையில் நிலைமை அப்படி இல்லை. பரிசீலித்து உரிய ஆணை பிறப்பிக்கச் சொல்லும் உத்தரவுக்கு, காரணம் காட்டி நிராகரிப்பதும் கீழ்ப்படிதலே. ஆணைக்கு இணங்க ஓர் உத்தரவு பிறப்பிக்கப்பட்டுவிட்டால், அது சரியோ தவறோ, புதிய வழக்குமூலத்தைத்தான் (புதிதாக வழக்குத் தொடரும் காரணத்தைத்தான்) தருமேயொழிய அவமதிப்பு ஆகாது என்று ராஜஸ்தான் பணிமூப்புப் பட்டியல் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியது. இன்றும் அரசு வழக்கறிஞர்கள் முதலில் நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான். பரிசீலிக்கச் சொல்லும் ஆணைகளால் விளையும் சிக்கலை, ஆந்திரப் பிரதேச மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் மேல்முறையீட்டில் 2006-இல் அதே நீதிமன்றம் விரிவாகவே அலசியிருக்கிறது. வழக்கு விரைவாக முடியட்டும் என்று நினைத்து இத்தகைய ஆணைக்கு மனுதாரர் தரப்பே ஒப்புக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறேன். முதல் நாளிலேயே ஆணை கிடைத்த மகிழ்ச்சி, ஓராண்டு கழித்து அதே அலுவலரிடமிருந்து அதே காரணத்துடன் வரும் நிராகரிப்பில் முடிகிறது.

ஆகவே அந்த ஆசிரியை உங்களோடு சேர்ந்து மனு போடக் கூடாது. அவருக்குக் குறித்த கெடுவுக்குள் எந்த ஆணையும் பிறப்பிக்கப்படவில்லை என்றால் அவருக்கும் அவமதிப்பு மனு உண்டு, ஆனால் அதன் பலன் ஏதோ ஓர் ஆணை வெளிவருவதோடு நின்றுவிடும். நிராகரிப்பு ஏற்கெனவே வந்திருந்தால் அவர் போட வேண்டியது அதை எதிர்த்துப் புதிய ரிட் மனு. அதில் உங்களுக்குக் கிடைத்த ஏப்ரல் 2025 ஆணையை, ஒரே பள்ளி, ஒரே காரணம் என்ற அடிப்படையில் தாராளமாக மேற்கோள் காட்டலாம்.

உங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு சொல்லக்கூடிய பதில், தாமதம் வேண்டுமென்றே செய்யப்பட்டதல்ல என்பதாகவே இருக்கும். சட்டத்தின் 2(ஆ) பிரிவு உரிமையியல் அவமதிப்பை வேண்டுமென்றே கீழ்ப்படியாமை என்றுதான் வரையறுக்கிறது. ஆகவே கோப்பு தொலைந்தது, நகல் வரவில்லை, தெளிவுரை கேட்டோம் என்ற விளக்கங்கள் எல்லாம் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே வரும். இதில் தெளிவுரை என்ற காரணம் சற்று விரிவாகப் பார்க்க வேண்டியது. ஆசிரியர் தகுதித் தேர்வு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று அளித்த தீர்ப்புக்குப் பிறகு, நியமனம் தொடர்பான கோப்புகளை இயக்குநரகத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் போக்கு தெரிகிறது. நீங்கள் தேர்ச்சி பெற்றவர் என்பதால் அந்தத் தீர்ப்பு உங்களுக்கு எதிராக நிற்காது. அதைவிட முக்கியமாக, உங்கள் கெடு அந்தத் தீர்ப்புக்கு முன்பே, ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. நீதிமன்ற ஆணையில் உண்மையிலேயே ஐயம் இருந்தால் அதை ஆணையிட்ட நீதிபதியிடம் மனு மூலம் கேட்கலாம். கூடுதல் அவகாசம் வேண்டுமென்றால் கால நீட்டிப்பு மனு போடலாம். இரண்டையும் செய்யாமல் துறைத் தலைமையிடம் தெளிவுரை கேட்பது, நீதிமன்ற ஆணைக்கு மேலே இன்னொரு மேல்முறையீட்டு அமைப்பைத் துறையே உருவாக்கிக்கொள்வதாகும்.

இந்த வாய்மொழிக் காரணங்களை எழுத்தில் கொண்டுவருவது உங்கள் வேலை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 6-ஆம் பிரிவின்கீழ், உங்கள் கருத்துரு மீதான கோப்புக் குறிப்புகள், இயக்குநரகத்துடன் நடந்த கடிதப் போக்குவரத்து, மேல்முறையீடு செய்யக் கருத்து கேட்கப்பட்டதா என்ற விவரம் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். சாதாரணமாக 30 நாட்களில் பதில் வர வேண்டும். கோப்பு பல மாதங்கள் ஒரே மேசையில் கிடந்தது அந்தக் குறிப்புகளில் தெரிந்தால், வேண்டுமென்றே என்பதை நிறுவ அதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் அந்தப் பதிலுக்காக மனுத் தாக்கலை ஒத்திவைக்காதீர்கள். கூடுதல் ஆவணமாகப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

மேல்முறையீடு செய்யப்போகிறோம் என்பதற்கு இப்போதைக்கு எந்த மதிப்பும் இல்லை. ரிட் மேல்முறையீட்டுக்கான 30 நாள் காலவரம்பு எப்போதோ கடந்துவிட்டது. செய்வதானால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடுதான் வர வேண்டும். மேல்முறையீடு தாக்கலாகிவிட்டாலும் தடையாணை இல்லாதவரை உங்கள் ஆணை அப்படியே உயிரோடு இருக்கிறது. ஆயினும் நடைமுறையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன்: அவமதிப்பு மனுவில் அறிவிப்பு போன உடனேயே துறை விழித்துக்கொண்டு மேல்முறையீட்டைத் தாக்கல் செய்யும், தடைக் கோரிக்கை விசாரிக்கப்படும்வரை அவமதிப்பு வழக்கை நீதிபதி ஓரிரு முறை தள்ளிவைப்பார். எனவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148-அ பிரிவின்கீழ் இப்போதே ஒரு கேவியட், அதாவது உங்களைக் கேட்காமல் ஆணை பிறப்பிக்க வேண்டாம் என்று கோரும் முன்மனு, போட்டுவிடுங்கள். அது 90 நாட்களுக்குச் செல்லும். முடியும் முன் புதுப்பித்துக்கொண்டால், உங்களைக் கேட்காமல் தடையாணை பிறப்பிக்கப்படும் அபாயம் குறையும்.

யாரை எதிர்மனுதாரராகச் சேர்ப்பது என்பதில் பலர் ஆர்வக் கோளாறில் பள்ளிக்கல்வித் துறைச் செயலர் தொடங்கி எல்லோரையும் சேர்த்துவிடுகிறார்கள். அவமதிப்பு தனிமனிதப் பொறுப்பு. பதவிப் பெயரால் மட்டும் வழக்கு நடத்த முடியாது, பெயர் குறிப்பிட்டே மனு இருக்க வேண்டும். ஆணை நான்காம் எதிர்மனுதாரருக்கு மட்டும் என்பதால், கெடு முடிந்த நாளில் அந்தப் பதவியில் இருந்தவரும் இப்போது இருப்பவருமே போதும். புதிய அலுவலருக்கு ஆணை தெரிந்திருந்தது என்பதை நிறுவ வேண்டும் என்பதால், ஆணையின் நகலை இணைத்து, 15 நாள் அவகாசம் தந்து அவர் பெயருக்கே இன்று ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை பெற்றுவிடுங்கள். இயக்குநரகம் எழுத்து மூலம் தடுத்து வைத்திருப்பது தகவல் உரிமைப் பதிலில் தெரியவந்தால், அப்போது அந்த அதிகாரியையும் சேர்க்கலாம்.

மனு எண்ணிடப்பட்ட பிறகு, பெரும்பாலும் ஆணையிட்ட அதே நீதிபதியின் முன் அது பட்டியலிடப்படும். முதல் விசாரணையில் அரசு வழக்கறிஞர் அறிவுறுத்தல் பெற அவகாசம் கேட்பார். பெரும்பாலான ஒப்புதல் ஆணைகள் இந்தக் கட்டத்துக்கும் அலுவலர் நேரில் வர வேண்டிய நாளுக்கும் இடையில்தான் பிறக்கின்றன. அரசு அலுவலர்களை வழக்கமாக நேரில் அழைக்கக் கூடாது, தேவைப்பட்டால் முதலில் காணொலி வழியே ஆஜராக வாய்ப்பளிக்க வேண்டும் என்று உத்தரப் பிரதேச அரசின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரி 3 அன்று வழிமுறைகள் வகுத்திருப்பதால், அந்த நாள் முன்போல் விரைவில் வராது. தண்டனையைப் பொறுத்தவரை, நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை காவலோ 2,000 ரூபாய்வரை அபராதமோ விதிக்கலாம். அலுவலர் மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டு ஆணையை நிறைவேற்றிவிட்டால் வழக்கு அத்தோடு முடிக்கப்படும். அலுவலருக்குத் தண்டனை வாங்கித் தருவது உங்கள் நோக்கமாக இருந்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஒப்புதல் ஆணை கைக்கு வந்தால் போதும் என்றால் இந்த வழி பெரும்பாலும் வேலை செய்கிறது.

சம்பள நிலுவை பற்றி. நீங்கள் எழுதியனுப்பிய வாசகத்தில் நியமன நாள் முதல் ஒப்புதல் என்று இருக்கிறது, பணப்பலன்கள் என்ற சொல் இல்லை. ஆணையில் இல்லாத ஒன்றை அவமதிப்பு நீதிமன்றம் சேர்த்துத் தர முடியாது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஓ.என்.ஜி.சி. ஊழியர்கள் வழக்கில், அவமதிப்பு மனுவில் கூடுதல் பணியிடங்களை உருவாக்கப் பிறப்பித்த உத்தரவை உச்ச நீதிமன்றம் 2014-இல் இந்தக் காரணத்துக்காகவே ரத்து செய்தது. ஒப்புதல் 2022 ஜூன் முதல் வழங்கப்பட்டுவிட்டால், அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கான சம்பள மானியம் அதன் இயல்பான விளைவு. பள்ளி நிலுவைப் பட்டியல் சமர்ப்பித்த பின்னும் துறை மறுத்தால், அதற்குத் தனி ரிட் மனு போடலாம், அது எளிய வழக்காகவே இருக்கும். இப்போதைய மனுவில் நிலுவை, வட்டி என்று கோரிக்கைகளை அடுக்கினால், ஆணைக்கு அப்பாற்பட்டதைக் கேட்கிறார் என்று எதிர்த்தரப்பு திசைதிருப்பவே அது உதவும். அவமதிப்பு மனு தள்ளுபடியானால், அவமதிப்புச் சட்டத்தின் 19-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யும் உரிமை தண்டிக்கப்பட்டவருக்கே உண்டு, மனுதாரருக்கு இல்லை என்பதால், உங்களுக்கு உச்ச நீதிமன்றத்தின் சிறப்பு அனுமதி மனு மட்டுமே மிஞ்சும். ஆகவே முதல் மனுவே சுருக்கமாகவும் துல்லியமாகவும் இருக்கட்டும்.

பள்ளிச் செயலரின் தயக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. ரிட் மனுதாரர் நீங்கள்தான் என்பதால் அவமதிப்பு மனுவில் அவர் கையெழுத்து தேவையில்லை. ஆனால் ஒரு காரியத்தை அவர்தான் செய்ய முடியும்: இருமுறை திருப்பி அனுப்பப்பட்ட கருத்துரு இப்போது பள்ளியிலேயே கிடக்கிறது என்றால், ஒப்புதல் வழங்கக் கோப்பே தங்களிடம் இல்லை என்று துறை நீதிமன்றத்தில் சொல்லும். நீதிமன்ற ஆணை நகல், பணியிட நிர்ணய ஆணை, நீங்கள் 2022 முதல் தொடர்ந்து பணியாற்றுவதற்கான வருகைப் பதிவேட்டு நகல் ஆகியவற்றோடு கருத்துருவை அவர் மீண்டும் சமர்ப்பித்து ஒப்புகை பெற்றுத் தர வேண்டும். அதை மறுப்பாரானால் எழுத்து மூலம் கேட்டு, அந்தக் கடிதத்தின் நகலையும் மனுவோடு இணையுங்கள்.