பழைய ஆம்னி வேனில் ஸ்பீடோமீட்டர் சத்தம் போடுகிறது, மீட்டரையே மாற்ற வேண்டுமா?

கேட்டவரின் வண்டி கேபிள் மீட்டர் உள்ள பழைய ஆம்னி. நாற்பதைத் தாண்டினால் மீட்டருக்குப் பின்னால் 'கிரீச்' என்று சத்தம் வருகிறதாம், முள்ளும் ஆடுகிறதாம். மெக்கானிக் மீட்டரை மாற்றச் சொல்லிவிட்டார்.

அவசரப்பட்டு மாற்றாதீர்கள். முள் ஆடுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் கேபிளில்தான். மீட்டருக்குள் தண்டைத் தாங்கும் சின்ன வளையமான புஷ் காய்ந்தாலும் சத்தம் வரும், ஆனால் முள் ஓரளவு நிதானமாக நிற்கும். கேபிள் காய்ந்தோ மடங்கியோ இருந்தால் சீராகச் சுற்றாது, பிடித்துப் பிடித்து விடும். அந்தத் துள்ளலைத்தான் முள் காட்டுகிறது. எங்கள் வீட்டு ஆம்னியிலும் இதேதான் நடந்தது. கேபிளைச் சரிசெய்த பிறகு, பழைய மீட்டரோடுதான் இன்றும் ஓடுகிறது.

கியர்பாக்ஸிலிருந்து வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தை ஒட்டி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கும். முள் அதன் அச்சில்தான் உட்கார்ந்திருக்கிறது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அதையும் கூடவே திருப்பப் பார்க்கும், மெல்லிய சுருள்வில் அதைத் தடுத்து நிறுத்தும். ஓட்டோ ஷூல்ஸ 1902-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஜப்பானிய வழக்கப்படி செய்த மீட்டர்களில், வண்டி 60 கி.மீ. வேகத்தில் போனால் கேபிள் நிமிடத்துக்கு 637 சுற்று சுற்றும். அத்தனை சுற்றும் கிரீஸ் காய்ந்த குழாய்க்குள் என்றால் கத்தாமல் என்ன செய்யும்?

முதலில் பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். மீட்டரைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி மீட்டரை மெதுவாக முன்னால் இழுத்தால், பின்னால் கேபிளின் முனை தெரியும். அதை விடுவித்து, குழாய்க்குள் சுற்றும் உள்கம்பியான இன்னரை மட்டும் உருவுங்கள். மேலே வராவிட்டால் கியர்பாக்ஸ் பக்கத்து முனையையும் கழற்ற வேண்டும். வண்டிக்கு அடியில் போவதானால் ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம் வேண்டும்.

இன்னரை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சமதரையில் போட்டு உருட்டிப் பாருங்கள். எங்காவது துள்ளினால் அங்கே மடங்கியிருக்கிறது. அதற்கு கிரீஸ் போட்டுப் பயனில்லை, கேபிளை மாற்றிவிடுங்கள். பிசிறு பிரிந்திருந்தாலும் அப்படித்தான்.

நன்றாக இருந்தால் கிராஃபைட் கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள். ஆனால் மீட்டர் பக்கத்து முனையில் ஒரு சாண் அளவுக்கு எதுவும் தடவாமல் விட வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். இன்னர் என்பது முறுக்கிய கம்பி. அது சுற்றச் சுற்ற கிரீஸ் மேலே ஏறி மீட்டருக்குள் போகும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே பிசுக்கு சேர்ந்தால், வண்டி போகாத வேகத்தையெல்லாம் முள் காட்டும். அப்போதுதான் மீட்டருக்கு நிஜமாகவே செலவு வரும். சத்தம் வருகிறதே என்று ஸ்ப்ரேயை மீட்டருக்குப் பின்னால் அடிப்பதையும் இதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

திரும்பப் பூட்டும்போது கேபிளைக் கூர்மையாக மடக்காதீர்கள். நல்ல கேபிளும் இறுக்கமான வளைவில் கத்தும். பூட்டிய பிறகும் சத்தம் நிற்காமல் முள் மட்டும் நிதானமாக இருந்தால், கேபிள் நுழையும் தண்டின் புஷ்ஷில் ஊசி முனையால் ஒரே ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். சுருள்வில் பக்கம் கை போகவே கூடாது.

உருவிய இன்னரில் கியர் ஆயில் வழிந்திருந்தால், கியர்பாக்ஸில் கேபிள் சேரும் இடத்து சீல் போய்விட்டது. அதை மாற்றாமல் விட்டால் ஆயில் மீட்டர்வரை ஏறிவிடும்.

சத்தத்தோடே ஓட்டிக்கொண்டிருக்கலாமா என்றால், கூடாது. கேபிள் ஒருநாள் இறுகிப்போனால் அது அறுந்து போகும், இல்லாவிட்டால் கியர்பாக்ஸில் அதைச் சுற்றும் பினியன் என்ற சின்னப் பற்சக்கரத்தின் பல் போகும். அது கேபிளைவிடப் பெரிய வேலை. அதோடு, 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதி ஸ்பீடோமீட்டர் பற்றியது. பதினைந்து ஆண்டு கடந்த வண்டியைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது மீட்டர் வேலை செய்யாவிட்டால் அலைச்சல்தான்.

புது கேபிள் வாங்கப் போனால் பழையதைக் கையோடு எடுத்துப் போங்கள். நீளமும் முனையும் ஒத்துப்போகிறதா என்று கடையிலேயே வைத்துப் பார்த்துவிடுங்கள்.