குளிர்காலத்துல ஐரோப்பா டூரா? ஷூ பத்தி உங்க கேள்விகள், அக்காவோட பதில்கள்

டிசம்பர் லீவுக்கு டிக்கெட் போட்டவங்க நிறைய பேர் போல இருக்கு, இந்த தடவ வந்த கடிதத்துல பாதிக்கு மேல காலுக்கு என்ன போடறதுங்கறதுதான். ஸ்வெட்டர், ஜாக்கெட் பத்தி அடுத்த இதழ்ல பாக்கலாம், இப்போ ஷூ மட்டும்.

கேள்வி: அக்கா, டிசம்பர் கடைசில பிராக், வியன்னா, புடாபெஸ்ட் மூணு ஊரும் போறோம், நாங்க ரெண்டு பேரும் ரெண்டு பசங்களும். கடைக்காரர் மைனஸ் 30 டிகிரி தாங்கும்னு ஒரு ஸ்னோ பூட்ஸ் காட்டறார், தூக்கவே முடியல. எங்க வீட்டுக்காரர் டெய்லி வாக்கிங் போற ஷூவே போதும்ங்கறார். யார் சொல்றத கேக்கறது? – திருச்சி வாசகி

பதில்: ரெண்டு பேர் சொல்றதையும் கேக்க வேணாம்மா. அந்த மூணு ஊர்லயும் அந்த நேரத்துல பெரும்பாலும் ஜீரோவை ஒட்டித்தான் இருக்கும், கொஞ்சம் மேல கொஞ்சம் கீழ. முழங்கால் வரைக்கும் பனில நடக்கறதெல்லாம் மலை ஊருக்குப் போனாத்தான். இங்க உங்க காலுக்கு கிடைக்கப்போறது பாதி உருகின பனி, ரோட்டுல தூவின உப்பு, நடுவுல மழைத் தூறல், எல்லாம் கலந்த சாம்பல் கலர் சொதசொதப்பு. அதுல உங்க வீட்டுக்காரரோட வாக்கிங் ஷூ, மேல வலைத்துணி இருக்கும்ல, பத்து நிமிஷத்துல ஊறிடும், அப்புறம் ராத்திரி வரைக்கும் அந்த ஈரத்தோடதான் சுத்தணும். கடைக்காரர் காட்டின பூட்ஸுக்கு வேற பிரச்சினை. இந்த ஊர்கள்ல நாள் பூரா வெளியவே இருக்க மாட்டீங்க, மெட்ரோ, மியூசியம், காபி கடை, சர்ச்னு உள்ள வெளியன்னு மாறி மாறி போவீங்க, பெரும்பாலான இடத்துல உள்ள ஹீட்டர் நல்லா ஓடும். மைனஸ் 30 பூட்ஸுக்குள்ள கால் வேர்த்து சாக்ஸ் நனைஞ்சு, வெளிய வந்ததும் அந்த வேர்வையே ஜில்லுனு ஆகி வெரல் மரத்துப் போயிடும். சூட்டுக்குன்னு வாங்கின பூட்ஸே குளிர வைக்கும்னா பாருங்களேன்.

நீங்க தேட வேண்டியது கணுக்கால் வரைக்கும் வர, வாட்டர்ப்ரூஃப் லைனிங் உள்ள வாக்கிங் ஷூ. கோர்-டெக்ஸ்னு எழுதியிருந்தா நல்லது, மத்த கம்பெனிகளும் இதே மாதிரி லைனிங்குக்கு அவங்கவங்க பேர் வெச்சிருக்காங்க. வெளில இருந்து தண்ணி உள்ள வராது, உள்ள இருக்கற வேர்வை ஆவியா வெளிய போகும், அதான் வேலை. ஆனா லைனிங்கை விட முக்கியமா நான் பாக்கறது சோல். பிராக் பழைய டவுன்ல ரோடு பூரா கருங்கல் பாவினது, நடைபாதைல உள்ளங்கைக்குள்ள அடங்கற குட்டிக் குட்டிக் கல்லை அடுக்கி டிசைன் போட்டிருப்பாங்க, பாக்க அவ்ளோ அழகு, ஈரம் பட்டா அவ்ளோ வழுக்கும். அங்க இருக்கற சார்லஸ் பிரிட்ஜ் 1357ல கட்ட ஆரம்பிச்சது, 516 மீட்டர் நீளம், மொத்தமும் கல்லுதான். அங்க மெல்லிசு சோல் ஷூ போட்டு நடந்தா ஒவ்வொரு கல்லோட முனையும் உள்ளங்கால்ல தெரியும், சாயந்தரம் ஹோட்டல்ல மாடிப்படி ஏற முடியாது. அதனால சோல் கொஞ்சம் தடியா, உள்ள குஷனோட, அடில ஆழமான வெட்டு வெட்டா இருக்கணும். கடைல ஷூவை கைல எடுத்து முறுக்கிப் பாருங்க, துணி மாதிரி முறுக்க வந்தா வேண்டாம், முன்பாதத்துல மட்டும் மடங்கினா சரி. அடிப்பக்கத்த நகத்தால அழுத்துங்க, பிளாஸ்டிக் மாதிரி கெட்டியா பளபளன்னு இருந்தா வெச்சுட்டு வந்துடுங்க, குளிர்ல அது இன்னும் கெட்டியாகி ஈரக் கல்லுல பிடிமானமே இருக்காது. ரப்பர் லேசா அமுங்கணும்.

சைஸ் பாக்கறது சாயந்தரமா பாருங்க, நாள் பூரா நடந்து கால் வீங்கின நேரம் அதான். அங்க போடப்போற தடி சாக்ஸையே எடுத்துட்டுப் போய் போட்டுப் பாருங்க. நம்மள்ல நிறைய பேருக்கு செருப்பு போட்டே வளந்த காலு, முன்பக்கம் அகலமா விரிஞ்சிருக்கும், ஐரோப்பா பிராண்டுல சைஸ் சரியா இருந்தும் சுண்டுவெரல்கிட்ட இடிக்கும். அகலத்துக்காக ஒரு சைஸ் பெருசு வாங்கினா குதிகால் கழண்டு கழண்டு வந்து கொப்புளம் போடும், அதுக்கு வேற அகலமான மாடல் கேளுங்க. வெரலை உள்ள அசைக்க முடியணும், இறுக்கிப் பிடிச்சா ரத்த ஓட்டம் கொறைஞ்சு குளிர் ஜாஸ்தியா தெரியும்.

பசங்களுக்கு மட்டும் சாதாரண வாட்டர்ப்ரூஃப் பூட்ஸ் வாங்கிக் குடுங்க, தண்ணி தேங்கின இடமா பாத்து குதிக்காம வர மாட்டாங்க.

கேள்வி: ரெண்டு ஜோடி சாக்ஸ் போட்டா டபுள் சூடு கிடைக்கும்தானே? – ஈரோடு வாசகர்

பதில்: ஷூவுல இடம் இருந்தா சரி, இல்லாட்டி மேல சொன்ன மாதிரி இறுக்கிப் பிடிச்சு குளிர்தான் டபுளாகும். ஒரே ஒரு நல்ல மெரினோ கம்பளி சாக்ஸ் போதும், ஈரமானாலும் ஓரளவு சூடு வெச்சிருக்கும். காட்டன் சாக்ஸ் நம்ம ஊருக்கு நல்லது, அங்க வேர்வைய குடிச்சுட்டு அப்படியே உக்காந்துக்கும். ஹேண்ட்பேக்ல ஒரு எக்ஸ்ட்ரா ஜோடி கவர்ல போட்டு எப்பவும் வெச்சிருங்க, மத்தியானம் சாப்பிடற கடைல மாத்திக்கிட்டா அப்புறம் நாலு மணி நேரம் தெம்பா சுத்தலாம். இன்னொண்ணு, நடக்கும்போது அவ்வளவா குளிராது, கிறிஸ்துமஸ் மார்க்கெட்ல வியன்னா ராட்ஹவுஸ், அதாவது டவுன் ஹால் முன்னாடி ஒரு கப்ப கைல வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் நிப்பீங்க பாருங்க, அப்போ தரைலேர்ந்து சோல் வழியா ஜில்லுனு ஏறும். அதுக்கு கம்பளி இன்சோல் ஒண்ணு போட்டுக்கோங்க, ஆனா அதையும் போட்டுட்டு ஷூ சைஸ் பாக்கணும்.

கேள்வி: ஏழெட்டு வருஷம் முன்னாடி ட்ரெக்கிங்குக்கு வாங்கின காஸ்ட்லி ஷூ பரண்ல இருக்கு, போட்டதே கொஞ்ச நாள்தான், புதுசு மாதிரியே இருக்கு. அதையே எடுத்துட்டு போகலாமா? – சென்னை வாசகர்

பதில்: அந்த "புதுசு மாதிரியே"தான் என்னை பயமுறுத்துது சார். நிறைய ட்ரெக்கிங் ஷூவோட நடு சோல் பாலியூரித்தேன்ங்கற நுரை பிளாஸ்டிக், அது காத்துல இருக்கற ஈரத்தை கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சி உள்ளுக்குள்ள சிதைஞ்சுக்கிட்டே வரும், நம்ம சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல இன்னும் வேகமா. வெளில தோல், தையல் எல்லாம் ஜம்முனு இருக்கும், ஊர் போய் நடக்க ஆரம்பிச்சதும் சோல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்து தனியா கழண்டு வந்துடும். இப்பவே எடுத்து சோலோட பக்கவாட்டுல கட்டைவெரலால நல்லா அழுத்துங்க. வெடிப்பு தெரிஞ்சா, பிசுபிசுன்னு ஒட்டினா, துகள் கொட்டினா அதுக்கு விடை குடுத்துடுங்க. எதுவும் இல்லன்னாலும் ரெண்டு வாரம் காலைல வாக்கிங் போட்டுட்டுப் போங்க, உடையறதா இருந்தா பீச்லயே உடையட்டும். புது ஷூ வாங்கறவங்களுக்கும் இதே ரெண்டு வாரம் உண்டு, வேர்க்கும்தான், பொறுத்துக்கோங்க, கொப்புளம் வரதா இருந்தா வீட்டுல வரட்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 66 வயசு, சர்க்கரை இருக்கு, பாதத்துல கொஞ்சம் மரமரப்பு. பிராக் கூட்டிட்டு போறோம். என்ன ஷூ வாங்கணும் அக்கா? – மதுரை வாசகி

பதில்: ஷூவுக்கு முன்னாடி அவங்க டாக்டர பாருங்க, மரமரப்பு இருக்கறவங்களுக்கு அவர் சொல்றதுதான் முதல். அவங்களுக்கு புது ஷூவே வேண்டாம்னு சொல்வேன், இப்போ போட்டு பழகின அகலமான ஷூ இருந்தா அதே அளவுல வாட்டர்ப்ரூஃப் கிடைக்குதா பாருங்க, கொறைஞ்சது ஒரு மாசம் முன்னாடி வாங்கி பழக்குங்க. சூடு பேக், ஹாட் வாட்டர் பேக், ஹீட்டர் பக்கத்துல கால நீட்டறது மூணும் கூடவே கூடாது, சுடறது அவங்களுக்கு தெரியாது. ஷூ போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் உள்ள கைய விட்டு தடவிப் பாருங்கடா, வியன்னாவுக்கும் போறதா இருந்தா கட்டாயம், அங்க நடைபாதைல வழுக்காம இருக்க சின்ன சின்ன ஜல்லி தூவுவாங்க, அது ஷூவுக்குள்ள எப்படியோ ஏறிடும், மரத்த காலுக்கு நாள் பூரா குத்தினாலும் தெரியாது. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உள்ளங்கால நீங்களே பாருங்க, செவந்திருந்தா அடுத்த நாள் ரெஸ்ட்.

அப்புறம் பிராக் கோட்டைக்கு கீழேர்ந்து நெருடோவா தெரு வழியா ஏறச் சொல்வாங்க, செம ஏத்தம், கல்லு ரோடு. அம்மாவ 22ஆம் நம்பர் ட்ராம்ல கூட்டிட்டு போங்க, கோட்டைக்குப் பக்கத்துலயே ஸ்டாப் இருக்கு. திரும்பி வரும்போதும் ட்ராம்தான், ஈரக் கல்லுல ஏறறதை விட இறங்கறதுதான் ஆளை விழ வைக்கும்.

கேள்வி: ஷூக்கு மேல மாட்டற ஐஸ் முள்ளு வாங்கணுமா? – சேலம் வாசகர்

பதில்: சிட்டிக்கு அவசியம் இல்ல. மாட்டிட்டு கடைக்குள்ள டைல்ஸ்ல கால வெச்சீங்கன்னா அங்கதான் வழுக்கி விழுவீங்க. வியன்னால வீட்டு முன்னாடி நடைபாதைய காலைல 6 மணிலேர்ந்து ராத்திரி 10 வரைக்கும் சுத்தமா வெச்சிருக்கறது அந்தந்த கட்டிட ஓனரோட சட்டப்படியான பொறுப்பு, அதனால பகல்ல பரவாயில்ல. பிரச்சினை சாயந்தரம், நாலு மணி வாக்குல சூரியன் போயிடும், பகல்ல உருகின தண்ணி கண்ணுக்கே தெரியாத மெல்லிசு ஐஸா உறையும். வெறும் ஈரம் மாதிரி பளபளன்னு தெரிஞ்சா சந்தேகப்படுங்க. கைய ஜாக்கெட் பாக்கெட்லேர்ந்து வெளிய எடுத்துட்டு, கொஞ்சம் முன்னாடி சாஞ்சு, குட்டி குட்டி அடியா முழு பாதத்தையும் வெச்சு நடங்க. ஜெர்மன் டாக்டர்களே பெங்குயின் மாதிரி நடங்கன்னுதான் சொல்றாங்க, பாக்கறவங்க சிரிச்சா சிரிக்கட்டும்.

கேள்வி: ஹோட்டல் ரூம்ல நனைஞ்ச ஷூவ எப்படி காய வைக்கறது, ஹேர் டிரையர் போடலாமா? – புதுச்சேரி வாசகி

பதில்: வேண்டாம், ஹீட்டர் மேல வைக்கறதும் வேண்டாம், பசை விட்டுடும், தோல் வெடிக்கும். இன்சோலை வெளிய எடுத்துட்டு உள்ள நியூஸ் பேப்பர கசக்கி திணிங்க, ஒரு மணி நேரம் கழிச்சு மாத்துங்க. தோல்ல வெள்ளை வெள்ளையா உப்புக் கோடு விழுந்திருந்தா வினிகர்ல தண்ணி கலந்து துணில தொட்டு தொடைச்சா போயிடும். ரூமுக்கு ஒரு ரப்பர் செருப்பு எடுத்துட்டு போங்க, புடாபெஸ்ட்ல செச்செனி வெந்நீர் குளத்துக்கு போனா அதுவே உதவும், லாக்கர்லேர்ந்து வெளிக் குளத்துக்கு அந்தக் குளிர்ல வெறுங்கால்ல ஓட முடியாது.

கேள்வி: எல்லாத்தையும் அங்க போயே வாங்கிக்கலாம்னு இருக்கேன், 25ஆம் தேதி காலைல பிராக்ல இறங்கறேன். ஓகேவா? – கோவை வாசகர்

பதில்: ஓகே இல்ல தம்பி. செக் நாட்டுல பெரிய கடைகள் 24 மத்தியானமே மூடிடும், 25, 26 ரெண்டு நாளும் சட்டப்படி லீவு. வியன்னாலயும் அந்த ரெண்டு நாளும் கடை இருக்காது, ஞாயித்துக்கிழமையும் இருக்காது. கிறிஸ்துமஸ் முடிஞ்சதும் சேல் போடுவாங்கதான், ஆனா அதுவரைக்கும் எத போட்டுட்டு நடப்பீங்க? ஷூவ இங்கயே வாங்கி பழக்கி, ஃப்ளைட்ல காலுலயே போட்டுட்டுப் போங்க, பெட்டில வெயிட்டும் மிச்சம். உக்காந்ததும் லேஸ மட்டும் தளர்த்தி விட்டுடுங்க, எறங்கறப்போ கால் வீங்கியிருக்கும்.