தார் ஜீப்புக்கு 33 இன்ச் டயர்: இன்சூரன்ஸ் நிற்குமா?

கேள்வி: பொள்ளாச்சியில் இருக்கிறேன். மஹிந்திரா தார் எல்.எக்ஸ். ஜீப் வைத்திருக்கிறேன். எஸ்டேட் வேலையாக மாதம் நாலைந்து தடவை வால்பாறை போய்வருவேன். 33 இன்ச் மட் டயரும் வெளியே தள்ளி நிற்கும் அலாய் வீலும் போடலாம் என்று ஆசை. "ஆர்.சி.யில் ஏற்றித் தருகிறோம், இன்சூரன்ஸுக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: ஆர்.சி.யில் எந்தக் கட்டத்தில் ஏற்றுவார் என்று அவரிடமே கேளுங்கள். லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனங்களுக்குத்தான் பதிவில் டயர் விவரம் கேட்பார்கள். சொந்த உபயோக வண்டியின் கார்டில் அதற்கு இடமே இல்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கர் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ வாங்கிக்கொண்டு, ரப்பர் ஸ்டாம்ப் அடித்த ஒரு தாளை நீட்டுவார். நான் விபத்துச் சேதத்தைக் கணக்கிடும் இன்சூரன்ஸ் சர்வேயர், அப்படிப்பட்ட தாள்களை என் மேஜையில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒன்றுகூட கிளெய்மில் உதவியதில்லை.

"ஆர்.சி.யில் டயர் சைஸ் இல்லை, அப்புறம் எப்படித் தப்பாகும்?" என்பது கடைக்காரரின் அடுத்த வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்துக் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வால்பாறையிலிருந்து மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்குகிறவராக இருந்தால் இதைக் கூடுதலாக யோசியுங்கள். மாற்றம் செய்த வண்டி என்றால் கேரளத்துக்காரர்கள் சும்மா விடுவதில்லை.

பெரிய டயர் வைத்த ஜீப் படத்தைப் போட்டுத்தான் வண்டியையே விற்கிறார்கள். நடுரோட்டில் கடை போட்டு வீல் விற்கிறார்கள். மாட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்தால் வாங்கியவன் குற்றவாளி. பரிசோதித்து "சரி" அல்லது "கூடாது" என்று சொல்ல ஒரு கவுண்டர் திறந்து வைத்திருந்தால் இந்தக் கேள்வியே உங்களுக்கு வந்திருக்காது. சரி, விடுங்கள்.

டயர் கணக்குக்கு வருவோம். உங்கள் வண்டியில் கம்பெனி கொடுத்தது 255/65 ஆர்18. அதன் மொத்த உயரம் ஏறக்குறைய 789 மில்லிமீட்டர். 33 இன்ச் என்று விற்கும் 285/70 ஆர்17 டயர் 831 வரும். ஐந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். மீட்டர் 80 காட்டும்போது நீங்கள் உண்மையில் 84ல் போவீர்கள். பெரிதாகத் தெரியாதுதான். ஆனால் எடை கூடிய வீலை நிறுத்த அதே பழைய பிரேக். வீல் வெளியே தள்ள வைக்கும் ஸ்பேசர், பேரிங் மேலும் வீல் போல்ட் மேலும் சுமையை ஏற்றும். ஆழியாறு பக்கம் 40 கொண்டை ஊசி வளைவிலும் பிரேக் மிதித்துக்கொண்டே இறங்குகிறவர் நீங்கள். அலாயில் 'ஜே.டபிள்யூ.எல்.' என்ற ஜப்பானியத் தர எழுத்து இருக்கிறதே என்பார்கள். அச்சில் எழுத்தை யார் வேண்டுமானாலும் வார்க்கலாம்.

இனி இன்சூரன்ஸ். இதில் ஒரே ஒரு நல்ல செய்தி உண்டு. எல்லோரும் குழப்பிக்கொள்வதும் இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். உங்கள் வண்டி மோதி வேறொருவருக்கு அடிபட்டால் அவருக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு மூன்றாம் நபர் காப்பீட்டில் வருகிறது. அதைத் தட்டிக்கழிக்க இன்சூரன்ஸ் கம்பெனி சொல்லக்கூடிய காரணங்களைச் சட்டமே 150வது பிரிவில் எண்ணி வைத்திருக்கிறது. லைசென்ஸ் இல்லாதது, குடித்து ஓட்டியது, பந்தயத்துக்கு ஓட்டியது, பாலிசி எடுக்கும்போது முக்கியமான தகவலை மறைத்தது போன்றவை. பெரிய டயர் என்று தனியாக ஒன்று அதில் இல்லை. ஆகவே அடிபட்டவரின் குடும்பம் உங்கள் டயரால் தெருவில் நிற்காது. ஆனால் புதுப்பிக்கும்போது "வண்டியில் மாற்றம் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக் அடித்தால், அந்தக் கடைசிக் காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுக்கிறீர்கள். ஏஜென்ட் உங்களைக் கேட்காமலே டிக் அடித்திருப்பார். அடித்தது நீங்கள் என்றுதான் கணக்கு. போனில் வந்த அந்தப் பாரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

உங்கள் சொந்த வண்டிக்கான சேதம் வேறு கதை. நிறுத்தி வைத்த வண்டி மேல் மரம் விழுந்தால் டயரைக் காட்டி முழுதாக மறுப்பது கஷ்டம். வளைவில் வீல் கழன்று பள்ளத்தில் இறங்கினால்? காரணமே அந்த வீல் என்று எழுதுவார்கள். அடியோடு மறுக்கலாம், அல்லது 'நான்-ஸ்டாண்டர்ட்' (பாலிசி நிபந்தனையை மீறிய கிளெய்ம்) என்று கிளெய்ம் தொகையில் 75 சதவீதம் வரை கொடுத்து முடிக்கலாம். அந்த அலாயின் விலை பாலிசியில் ஏறாதிருந்தால் அதற்குக் காசு கிடையாது. டயர் மட்டும் கிழிந்தால் சாதாரண பாலிசியில் எதுவுமே கிடைக்காது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்குப் பாதி விலை.

"விபத்து நடந்தால் போன் பண்ணுங்க, சர்வேயர் வர்றதுக்குள்ள பழைய வீலை மாட்டிடலாம்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள். நான் 20 வருடத்துக்கு மேலாக சர்வேயர். சில வருடத்துக்கு முன் ஒரு வண்டி, நாலு பக்கமும் கம்பெனி வீலோடு பளபளவென்று நின்றது. மட்கார்டு உள்பக்க பிளாஸ்டிக்கில் பெரிய டயர் உரசிய கறுப்புத் தடம் வரி வரியாக இருந்தது. போலீஸ் எடுத்த போட்டோவில் மட் டயர். பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கையிலும் அதுவே. வீல் மாற்றத்துக்காகக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு கொடுத்திருக்க வேண்டிய கிளெய்ம், மோசடி என்று முழுசாகப் போனது. மெக்கானிக் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

மண் ரோட்டுக்கு டயர் வேண்டும் என்றால் அதே 255/65 ஆர்18 அளவில் ஆல் டெரெய்ன் டயர் போடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் சுமை எண் பழைய டயரைவிடக் குறையக் கூடாது. உண்மையில் உங்களுக்கு இன்னும் பொருத்தமானது தார் ஏ.எக்ஸ். வண்டிக்குக் கம்பெனியே கொடுத்த 245/75 ஆர்16. ரிம் சின்னது, பக்கச்சுவர் உயரம், கல்லில் இடித்தாலும் தாங்கும். உங்கள் வண்டிக்கு அது ஒத்துவரும் என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஜி.எஸ்.டி. பில்லோடு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் அனுப்பி, பாலிசியில் குறிப்பு ஏற்றச் சொல்லுங்கள். ஏஜென்டிடம் வாயால் சொன்னது செல்லாது.

ஏற்கனவே அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்றால் ஒன்று செய்யுங்கள். கம்பெனி வீல்களை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கடைக்கு உங்கள் அலாயைவிட அவைதான் லாபம்.