போர்டு சுற்றுகிறது, பின்கால் மட்டும் ஏன் தரைக்குப் போகிறது?

கேள்வி: ஆறு மாதமாக ஸ்கேட்போர்டு ஓட்டுகிறேன், ஆலி (போர்டோடு சேர்ந்து மேலே துள்ளுவது) ஓரளவு வருகிறது. கிக்ஃபிளிப் (துள்ளும்போதே முன்காலால் உதைத்து போர்டை அதன் நீளவாக்கில் ஒரு சுற்று சுழற்றுவது) அடித்தால் போர்டு முழுசாகச் சுற்றிவிடுகிறது, முன்காலும் மேலே வந்து இறங்குகிறது. ஆனால் பின்கால் ஒவ்வொரு தடவையும் தரைக்கே போகிறது. என்ன தப்பு?

பதில்: போர்டு சுற்றுகிறது என்றால் கஷ்டமான பாதி முடிந்தது. உங்களுக்கு இப்போது பாக்கி இருப்பது பயம்தான். போர்டு குறுக்கே நின்று அதன் ஓரத்தில் ஏறி கணுக்கால் மடங்கிவிடுமோ என்று உடம்பு முன்கூட்டியே ஒரு காலைத் தரைக்கு அனுப்பிவிடுகிறது. எனக்கும் இதே கதைதான், மாதக்கணக்கில் ஓடியது.

போனைத் தரையில் சாய்த்து வைத்து, பக்கவாட்டில் ஸ்லோ மோஷனில் எடுத்துப் பாருங்கள். டெயில் (போர்டின் பின்முனை) 'டக்' என்று தரையில் பட்ட உடனே பின்கால் முட்டி மடங்கி மேலே வருகிறதா, இல்லை விறைப்பாக அங்கேயே தொங்குகிறதா? பெரும்பாலும் தொங்கும். டெயிலை மிதிப்பதோடு அந்தக் காலின் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம், ஆனால் மிதித்த கையோடு அதை மேலே இழுத்துக்கொள்வதுதான் பாதி வேலை. அப்புறம் தோள். முன்காலை உதைக்கும்போது மார்பு முன்பக்கமாகத் திரும்பினால் இடுப்பும் கூடவே திரும்பும், பின்கால் போர்டை விட்டு விலகித்தான் விழும். தோள் இரண்டும் போர்டு நீளத்துக்கு நேராகவே இருக்கட்டும்.

முன்காலையும் ஒரு தடவை சரிபாருங்கள். முன் போல்ட்டுகளுக்கு (முன் சக்கரங்களைப் போர்டோடு பிணைப்பவை) சற்றுப் பின்னால், சாய்வாக, குதிகால் லேசாக வெளியே தொங்கும்படி வையுங்கள். சுண்டுவிரல் பக்கம் கிரிப் டேப்பில் (போர்டின் மேல் ஒட்டியிருக்கும் சொரசொரப்பான தாள்) உரசிக்கொண்டே ஏறி, நோஸில் (முன்முனையில்) குதிகால் பக்கமாக இருக்கும் வளைவு வழியாக வெளியே போக வேண்டும். ஷூவில் சுண்டுவிரலுக்கு மேலே ஓட்டை விழுகிறதா? இடம் சரி. காலைக் கீழ்நோக்கி உதைத்தால் போர்டும் கீழேயே இருந்துவிடும், உங்களுக்கு நேரமே கிடைக்காது.

இப்போது ஒரு பயிற்சி. வேண்டுமென்றே முன்காலைத் தரையில் விட்டு, பின்காலை மட்டும் பின் போல்ட்டுகள் மேல் இறக்குங்கள். அசிங்கமாக இருக்கும், பரவாயில்லை. பத்துக்கு ஏழு தடவை வந்தபிறகு இரண்டு காலையும் சேர்த்துப் பாருங்கள். புல்தரையில் பயம் குறையும், ஆனால் டெயில் சரியாகத் தெறிக்காது, அதனால் அங்கே ரொம்ப நாள் தங்காதீர்கள். நின்ற இடத்திலேயே அடிப்பதைவிட நடக்கிற வேகத்தில் உருண்டுகொண்டே அடிப்பது எனக்கு எளிதாக வந்தது.

1983-ல் அமெரிக்க ஸ்கேட்போர்டு வீரர் ராட்னி முல்லன் கிக்ஃபிளிப்பைச் செய்து காட்டியபோது மேஜிக் ஃபிளிப் என்றார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு இன்றும் மேஜிக்தான், முழங்காலுக்குக் கீழே அடிவாங்குகிற நமக்குத்தான் இல்லை. காலுறைக்குள் ஷின் கார்டு போட்டுக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தாலும் சரி.