எந்தக் காலில் புண்?

கேள்வி: எனக்கு வயது 54. எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் 16 வருடமாக அன்பியப் பொறுப்பாளராக, அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் சேர்ந்த ஜெபக் குழுவுக்குப் பொறுப்பாளராக, இருக்கிறேன். திருவிழா என்றால் கொடியேற்றம் முதல் தேர் நிலைக்கு வரும்வரை நான்தான் நிற்பேன். சர்க்கரைப் புண்ணோடு படுத்திருக்கும் அம்மாவை மனைவி பார்த்துக்கொள்கிறாள், எனக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது. இவ்வளவு செய்தும் பங்குப் பேரவைத் துணைத் தலைவர் பதவியை நேற்று வந்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இயேசு சீடர்களின் பாதம் கழுவியதை நினைவுகூரும் பெரிய வியாழனன்று பாதம் கழுவ உட்காரும் பன்னிரண்டு பேரில் எனக்கு வழக்கமாக இருந்த இடத்தில், தெருக்கூட்டும் ஒரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார் பங்குத்தந்தை. வேறு பங்குக்கு மாறிவிடலாமா? - பெயர் வேண்டாம், தூத்துக்குடி.

பதில்: பதவி கிடைக்காத வருத்தத்தில் வரும் கடிதங்களை நிறையப் படித்துவிட்டேன். வேறு பங்குக்குப் போனால் அங்கேயும் ஒரு பேரவை இருக்கும், அங்கேயும் நேற்று வந்த ஒருவர் இருப்பார். அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் நான் நின்றுபோன இடம், "எனக்கு அந்த வாடை ஒத்துக்கொள்ளாது" என்று போகிற போக்கில் எழுதிய வரி.

பெரிய வியாழனன்று கோயிலுக்குக் கிளம்பும் முன் வீட்டிலேயே காலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதானே போவீர்கள்? எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் காலைச் சாமியார் கழுவவில்லை என்று இவ்வளவு மனக்கசப்பு. உண்மையிலேயே கழுவ வேண்டிய கால் ஒன்று, உங்களைப் பெற்றவளுடைய கால், அடுத்த அறையில் இருக்கிறது. அதன் பக்கம் நீங்கள் போவதில்லை.

அந்தப் பெண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திருத்தந்தை பிரான்சிஸ் பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே, 2013 பெரிய வியாழனன்று, ரோமில் இளங்குற்றவாளிகள் சிறைக்குப் போய் அங்கிருந்தவர்களின் கால்களைக் கழுவினார், அவர்களில் பெண்களும் இஸ்லாமியரும் இருந்தார்கள். 2016-இல் சடங்கின் விதியையே மாற்றிப் பெண்களையும் சேர்க்க வழிசெய்தார். உங்கள் பங்குத்தந்தை செய்தது சரி. தினமும் நம் குப்பையில் நிற்கிற கால் அது.

மாற்கு ஏழாம் அதிகாரத்தை எடுத்துப் படியுங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல், 'கொர்பான்', அதாவது கடவுளுக்குக் காணிக்கையாகிவிட்டது என்று சொல்லித் தப்பிப்பவர்களை இயேசு எவ்வளவு கோபமாகத் திட்டுகிறார் என்று பாருங்கள். உங்கள் 16 வருடத் திருவிழா அந்தக் கொர்பான்தான். கோயிலுக்குக் கொடுத்த நேரம் அம்மாவிடமிருந்து எடுத்த நேரம். உங்கள் மனைவியிடமிருந்தும் எடுத்தது. அவளுக்கு மட்டும் அந்த வாடை ஒத்துக்கொள்கிறதா? மருமகள் செய்தால் கடமை, மகன் கொடி பிடித்தால் சேவை என்று கணக்கு எழுதுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. பெற்ற மகன் குத்துக்கல்லாக வீட்டில் இருக்கும்போது புண்ணைக் கட்ட மருமகள் மட்டும் எதற்கு?

என் மாமியாருக்கும் இதே புண் இருந்தது. முதல் வாரம் எனக்கும் குமட்டியது, அப்புறம் பழகிவிட்டது. என் கணவரும் கற்றுக்கொண்டார்.

அதனால் நாளைக் காலை மனைவியிடம் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். புண்ணை எதை வைத்துத் துடைப்பது, எப்படிக் கட்டுவது என்று நர்ஸ் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார். புண் இல்லாத இன்னொரு பாதத்தைக் கழுவ வெந்நீர் வைத்தால் உங்கள் கையை விட்டுப் பாருங்கள், சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போயிருந்தால் அம்மாவுக்குச் சூடு தெரியாது, வெந்துபோனாலும் சொல்ல மாட்டார். விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் ஒற்றியெடுங்கள். அவசரப்படாதீர்கள், அம்மா ஏதாவது பேசுவார், கேளுங்கள்.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். பேரவை பற்றி வேண்டாம். இரண்டு பக்கக் கடிதத்தில் அம்மாவுக்குப் புண் இடது காலிலா வலது காலிலா என்று நீங்கள் எழுதவே இல்லை, அதை எழுதுங்கள்.